வயலில் உழைத்தால் போதாதா? ஆண்களின் மனநலமும் உடற்பயிற்சியும்

"நாள் முழுக்க வயலில் பாடுபடுகிறோம். எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று நம் வாப்பாமாரும் அப்பாமாரும் கேட்பதுண்டு. வெல்லாவெளி போன்ற படுவான்கரைக் கிராமங்களில் இது நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு விடை சொல்லுமுன் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வயல் வேலை முன்புபோல் இல்லை. மாடு கட்டி உழுது, கையால் அறுத்து, சூடு மிதித்த காலம் போய்விட்டது. இன்று அவற்றை இயந்திரங்கள் செய்கின்றன. வரம்படி வரை மோட்டார் சைக்கிள் போகிறது. விதைப்புக் காலத்தில் சில நாட்கள் முதுகு முறியும் வேலை இருக்கும். பிறகு காவலும் காத்திருப்பும்தான். யானைக்குப் பயந்து இரவில் வாடியில் விழித்திருப்பவருக்குத் தூக்கமும் கெடுகிறது.

இரண்டாவது, எல்லா வியர்வையும் மனதுக்கு ஒன்றல்ல. வயலில் நிற்கும்போது கடன், மழை, நெல்லின் விலை எல்லாம் கூடவே நிற்கின்றன. விரும்பிச் செய்யும் நடையோ விளையாட்டோ அப்படியல்ல. கரப்பந்து விளையாடுபவரின் கவனம் முழுவதும் பந்தில்தான் இருக்கும். அந்த நேரத்திற்காவது கவலை அவரை விட்டு விலகுகிறது. தொழிலுக்காகச் செய்யும் உடலுழைப்பைவிட ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலுழைப்பே மனநலத்தோடு அதிகம் தொடர்புடையது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன.

1999 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனச்சோர்வு நோயுள்ள 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, இன்னொன்றுக்கு மருந்து, மூன்றாவதற்கு இரண்டும். மருந்து முதலில் விரைவாகப் பலன் தந்தது. ஆனால் 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தன.

இது எப்படி நடக்கிறது? உடல் அசையும்போது இதயம் வேகமாகத் துடித்து, மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் கூடுகிறது. இரவில் ஆழ்ந்த தூக்கம் வருகிறது. நன்றாகத் தூங்கியவருக்கு மறுநாள் எரிச்சல் குறைகிறது. "இன்று ஒரு காரியம் செய்தேன்" என்ற நிறைவும் சேர்கிறது.

ஆண்களைப் பற்றி ஏன் தனியாகப் பேச வேண்டும்? 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்டபின் அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் இன்றும் அப்படி இறப்பவர்களில் பெரும்பாலானோர் ஆண்களே. "ஆம்பிளை அழக்கூடாது" என்று வளர்க்கப்பட்டவர், துயரத்தைச் சொல்லத் தெரியாமல் புகையிலோ கசிப்பிலோ மௌனத்திலோ மறைக்கிறார். நேருக்கு நேர் இருந்து "என்ன கவலை?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். பக்கத்தில் நடந்துகொண்டு போகும்போது அவரே பேசத் தொடங்குவதுண்டு.

வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பரிந்துரைத்தது. நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாட்கள் நடந்தால் அது நிறைவேறும். பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ கடைக்கோ போக மோட்டார் சைக்கிளை எடுக்காமல் நடக்கலாம். பின்னேரத்தில் இளைஞர்களோடு கரப்பந்து விளையாடலாம். யானை நடமாடும் இடங்களில் விடிந்தபின் ஊர் வீதியில் மட்டும் நடப்பது நல்லது. தேநீர் குடிப்பதுபோல் தினமும் ஒரே நேரத்தில் செய்தால்தான் அது பழக்கமாகும்.

ஆனால் உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. கிழமைக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல், வாழ்வில் விருப்பமற்றுப் பேசுபவரை "நடந்தால் சரியாகும்" என்று விட்டுவிடக்கூடாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். கால் முறிந்தால் வைத்தியரிடம் போகிறோம். மனம் முறிந்தாலும் போவதில் வெட்கமில்லை.

தோழியரே, வீட்டு ஆண்களுக்கு அறிவுரை சொன்னால் கேட்கமாட்டார்கள். "வாப்பா, வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வருவம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். மகள் கூப்பிட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.