பெற்றோரின் உயரமும் பிள்ளைகளின் உயரமும்

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்னும் பழமொழி ஒற்றுமை உண்டு என்று சொல்லி நின்றுவிடுகிறது; எந்த அளவுக்கு என்று கேட்பதில்லை. முகச்சாயலிலும் குரலிலும் நடையிலும் தென்படும் அந்த ஒற்றுமையை அளந்து ஓர் எண்ணாகச் சொல்ல முடியும் என்று கருதி, அதற்கான கணித வழியையும் முதலில் வகுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன் (1822–1911). இராஸ்மஸ் டார்வினின் பேரன் என்ற வகையில் இவர் பரிணாமக் கொள்கையை முன்வைத்த சார்லஸ் டார்வினுக்கு உறவினர்.

கால்டனின் முதல் முயற்சி வலுவானதாக அமையவில்லை. 1869-இல் வெளியிட்ட நூலில், புகழ்பெற்ற நீதிபதிகள், அரசியல்வாதிகள், அறிவியலாளர்கள் ஆகியோரின் உறவினர்களிடையே புகழ்பெற்றவர்கள் மிகுந்திருப்பதைக் கணக்கிட்டுக் காட்டி, திறமை இரத்தத்தில் வருகிறது என்று அவர் முடிவு கட்டினார். ஆனால் நீதிபதியின் மகனுக்குத் தந்தையின் உடற்கூறோடு அவருடைய செல்வமும் செல்வாக்கும் நல்ல பள்ளியும் சேர்ந்தே கிடைத்தன என்பதால், எது எதன் விளைவு என்று அந்தக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. புகழைப் போலன்றி, நாடாவைக் கொண்டு அளக்கத்தக்க ஒன்றை அவர் கையில் எடுத்த பிறகுதான் நிலையான கண்டுபிடிப்பு பிறந்தது.

அந்தக் கண்டுபிடிப்பின் முதல் தடயம் பூச்செடி ஒன்றின் விதைகளில் கிடைத்தது. தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் ‘ஸ்வீட் பீ’ செடிக்குத் தாயும் தந்தையும் ஒன்றே என்பதால் கணக்கு எளிதாகும் என்று கருதிய கால்டன், விதைகளை அளவுவாரியாகப் பிரித்து 1875-இல் நண்பர்கள் எழுவரிடம் கொடுத்து விதைக்கச் செய்தார். பெரிய விதையின் சந்ததி பெரிதாகவே இருந்தது; ஆனால் தாய்விதையின் அளவுக்குப் பெரிதாக இல்லை. மனிதரிலும் இது உண்மையா என்று அறிய, 1884-இல் பரிசுத்தொகை அறிவித்துக் குடும்பங்களின் உடல்விவரப் பதிவுகளைத் திரட்டிய அவர், 205 தம்பதிகளையும் வளர்ந்துவிட்ட அவர்களுடைய 928 பிள்ளைகளையும் பற்றிய அட்டவணையை 1886-இல் வெளியிட்டார். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குச் சமப்படுத்திய பின், தாய் தந்தை இருவரின் உயரத்துக்கும் சராசரி கண்டு அதை ‘நடுப்பெற்றோர்’ உயரம் எனக் கொண்டார். நடுப்பெற்றோர் உயரம் மக்களின் சராசரியைவிட 3 அங்குலம் கூடுதலாக இருந்தால், பிள்ளைகளின் உயரம் சராசரியைவிட ஏறத்தாழ 2 அங்குலமே கூடுதலாக இருந்தது; குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் அதே விகிதத்தில் அவர்களைவிடச் சற்று உயரமாக வளர்ந்திருந்தனர். இதுவே பின்னர் ‘சராசரியை நோக்கிய பின்னடைவு’ என்று பெயர் பெற்றது.

இதைப் படிப்பவர் எவருக்கும் ஓர் ஐயம் எழும்: நெட்டையரும் குட்டையரும் சராசரியை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தால், சில தலைமுறைகளில் எல்லோரும் ஒரே உயரத்துக்கு வந்துவிட வேண்டாமா? அப்படி நேராததற்குக் காரணம், நடுத்தர உயரமுள்ள பெற்றோருக்கும் மிக உயரமான பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்பதே. அத்தகைய பெற்றோரின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால், ஊரின் நெட்டையரில் பெரும்பாலோர் அவர்கள் வீட்டில் பிறந்தவர்களாகவே இருப்பர். மேலும், கணக்கைத் தலைகீழாக்கி, சராசரியைவிட 3 அங்குலம் உயர்ந்த பிள்ளைகளின் பெற்றோரைத் தேடினால், அந்த நடுப்பெற்றோர் உயரம் ஒரே ஒரு அங்குலம்தான் கூடுதலாக இருக்கிறது. காலத்தில் முன்னோக்கியும் பின்னோக்கியும் பின்னடைவு தெரிகிறது என்றால், முன்னோரின் இரத்தம் பிள்ளையை இழுக்கிறது என்று கால்டன் தந்த விளக்கம் நிற்காது. மிக உயரமான ஒருவரின் உயரத்தில் உணவு, உடல்நலம், மரபணுக்களின் தற்செயலான நல்ல சேர்க்கை ஆகியவற்றுக்கும் பங்குண்டு; பெற்றோர் ஒவ்வொருவரின் மரபணுத் தொகுதியும் பாதி பாதியாகக் கலைத்துப் பகிரப்படும்போது அந்தச் சேர்க்கை அப்படியே கைமாறுவதில்லை.

இந்த இடத்தில் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டிய ஒன்று உண்டு. மேன்மையான பிள்ளைகள் மேன்மையான பெற்றோரைவிட நடுத்தரப் பெற்றோரிடமே மிகுதியாகப் பிறக்கிறார்கள் என்று எழுதிவைத்த அதே கால்டன்தான், ‘தகுதியுள்ள’ குடும்பங்களைப் பெருக்கி மற்றவற்றைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883-இல் பெயர் சூட்டியவர். இனமேம்பாட்டியல் என்று தமிழில் வழங்கும் அக்கொள்கையின் பெயரால், கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1933-இல் ஜெர்மனியின் நாஜி அரசு இயற்றிய சட்டத்தால் சுமார் 4 லட்சம் பேர் பிள்ளை பெறும் ஆற்றலை இழந்தனர்.

உயரத்தைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணு என்று ஏதுமில்லை. சிறுசிறு விளைவுடைய பல மரபணுக்கள் சேர்ந்தே கால்டன் கண்ட சீரான படிநிலையை உண்டாக்கும் என்று புள்ளியியலாளர் ரொனால்ட் பிஷர் 1918-இல் கணிதத்தால் நிறுவினார். ஏறக்குறைய 54 லட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 12,111 மரபணு வேறுபாடுகளை அடையாளம் கண்டது. நல்ல உணவு கிடைக்கும் சமூகங்களில் உயர வேறுபாட்டின் சுமார் 80 விழுக்காடு மரபு சார்ந்தது என்று மதிப்பிடப்படுகிறது. இந்த விகிதத்துக்கு ‘மரபுப்பேறு’ என்று பெயர். ஒருவருடைய உயரத்தில் 80 பங்கு மரபிலிருந்தும் 20 பங்கு சோற்றிலிருந்தும் வந்தது என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழையாகும். ஒரு காலத்தில், ஓரிடத்தில் வாழும் மக்களிடையே உள்ள வேறுபாடுகளைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. தென் கொரியாவில் 1896-இல் பிறந்த பெண்களைவிட 1996-இல் பிறந்த பெண்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரமாக வளர்ந்தனர். நான்கைந்து தலைமுறையில் ஒரு நாட்டின் மரபணுக்கள் அவ்வளவு மாறிவிட வழியில்லை. தாய் தன் தோழியரில் குள்ளமாக இருந்தது போல மகளும் தன் தோழியரில் குள்ளமாக இருக்கக்கூடும். ஆயினும் தாயைவிட உயர்ந்து நிற்கக்கூடும்.

உயரத்தை விட்டுக் கல்விக்கு வந்தால் ஒற்றுமையின் வழிகள் மேலும் பின்னிக்கொள்கின்றன. ஐஸ்லாந்து மக்களின் மரபணுத் தரவுகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வொன்று, பெற்றோரிடம் இருந்தும் பிள்ளைக்கு வந்து சேராத பாதி மரபணுக்களைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தது. பிள்ளை எவ்வளவு காலம் படிக்கிறது என்பதில், வந்து சேர்ந்த மரபணுக்களுக்குள்ள விளைவில் ஏறக்குறைய 30 விழுக்காடு, வந்து சேராத அந்தப் பாதிக்கும் இருந்தது. பிள்ளையின் உடலில் இல்லாத மரபணு பிள்ளையைத் தொடுவதற்கு உள்ள முதன்மையான வழி, பெற்றோர் எப்படிப்பட்டவர்களாக இருந்து அந்த வீட்டை நடத்தினார்கள் என்பதே.