இதயத்துள் படரும் நார்

பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டு வளர்ந்த பழைய திருவிதாங்கூரின் கடலோரப் பகுதிகளில், வறிய குடும்பங்களின் சிறுவரையும் இளைஞரையும் பல்லாண்டுகள் வாட்டிய ஓர் இதயநோய்க்கு மருத்துவ உலகம் இட்ட பெயர் எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்பதாகும். நாவில் எளிதில் புரளாத இப்பெயரைப் பிரித்து நோக்கினால் நோயின் உடற்கூறு முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பது புலப்படும். கிரேக்கத்தில் ‘எண்டோன்’ என்பது உள்ளே என்றும், ‘மைஸ்’ தசை என்றும், ‘கார்டியா’ இதயம் என்றும் பொருள்படும். ‘ஃபைப்ரா’ நாரைக் குறிக்கும் இலத்தீன் சொல். ‘ஓசிஸ்’ நோய்நிலையைச் சுட்டும் கிரேக்க ஈறு. இதயக் கீழறைகளின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வும் அதையொட்டிய தசையும் நார்த்திசுவாகத் தடித்துவிடுவதால், அறைகள் குறுகி, தளர்ந்து விரிய இயலாமல், வால்வுகளும் கசிய, இரத்தம் பின்தேங்குகிறது. கால்வீக்கத்தை விஞ்சுமளவுக்கு வயிற்றில் நீர் கோத்து, நாட்டு வழக்கில் மகோதரம் எனப்படும் நிலை உண்டாகிறது.

உகாண்டாவில் பணியாற்றிய நோய்க்கூறியல் அறிஞர் ஜே.என்.பி. டேவிஸ் 1948-இல் இந்நோயை விவரித்தபோது பெயரில் ‘மயோ’ இல்லை. தசைக்கும் இதில் பங்குண்டு என்பது தெளிந்த பின்னரே அது இடையில் சேர்ந்தது. ஆயினும் அவ்வாறு திருத்தம் பெற்ற பெயரும் கண்ட மாற்றத்தை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அறியாததை அறிந்ததுபோல் காட்டாத அந்த அடக்கம் போற்றத்தக்கது.

காரணத்தைத் தேடியவர்களுள் முதன்மையானவர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் முதல் இயக்குநரான எம்.எஸ். வலியத்தான். நோயாளிகளின் இதயத் திசுவில் சீரியம் என்னும் தனிமம் மிகுந்திருப்பதைக் கண்ட அவருடைய குழுவினர், கடற்கரை மணலிலுள்ள மோனசைட் கனிமத்தை ஐயுற்றனர். பத்மநாபபுரத்துக்கு அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சியில் 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் இனங்கண்ட கனிமம் அதுவே. மண்ணிலுள்ள சீரியம், ஏழைகளின் அன்றாட உணவாகிய மரச்சீனிக் கிழங்கின் வழியே உடலை அடைய, மெக்னீசியக் குறைபாடு அதன் தீங்கை மிகுவிக்கிறது என்பது அவர்களின் கருதுகோள். புழுத்தொற்றால் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் பெருகுவதே காரணம் என்போரும் உளர். இவற்றுள் எதுவும் முடிவாக நிறுவப்படவில்லை. வாழ்க்கைத்தரம் உயர்ந்த பின் கேரளத்தில் புதிதாக இந்நோய்க்கு ஆளாகும் சிறுவர் அரிதாகிவிட்டமை, வறுமைக்கும் இதற்கும் உள்ள உறவை மட்டும் வலுவாகச் சுட்டுகிறது.