சுடுகாட்டு மல்லியும் சுண்டெலியும்

தருமபுரி போன்ற மழை குறைந்த மாவட்டங்களில், நீர் ஊற்றுவார் இல்லாமலும் பூத்து நிற்கும் செடி நித்தியகல்யாணி. ஆண்டு முழுதும் பூப்பதால் அப்பெயர். இடுகாட்டு ஓரங்களிலும் தழைப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் வழங்குவர். குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இன்றும் தரப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து இதன் இலையிலிருந்து கிடைப்பது.

கனடா நாட்டு அறிவியலாளர் இராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இவ்விலையில் தேடியது நீரிழிவுக்கான மருந்தை. சாறு செலுத்தப்பட்ட எலிகளின் குருதிச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்களே குறைந்தன. அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தார் இச்சாற்றைப் பி-1534 என்னும் குருதிப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகளுக்குச் செலுத்த, அவை நெடுநாள் உயிர்வாழ்ந்தன. ஆய்வகங்களில் பெருவழக்காயிருந்த எல்-1210 என்னும் மற்றொரு வகை நோயின்மீது இதன் ஆற்றல் மிகக் குறைவு. அவர்கள் அதை மட்டும் சோதித்திருந்தால் இச்செடி வேலியோரத்திலேயே நின்றிருக்கும்.

ஒரே நோய் ஓர் உயிரில் வளர்ந்து மற்றோர் உயிரில் வளராதது ஏன்? ஏ.கே. என்னும் கால்வழிச் சுண்டெலிகளுள் பெரும்பாலானவற்றுக்குப் பிறவியிலேயே இந்நோய்க்கான நாட்டம் உண்டு. ஆயினும், நெஞ்சுக்கூட்டினுள் உள்ள தைமஸ் சுரப்பியை இளமையில் நீக்கிவிட்டால் அவற்றுள் மிகச் சிலவே நோயுறுகின்றன என்பதை 1944இல் ஜேக்கப் ஃபர்த்தும் அவர்தம் உடனாய்வாளர்களும் காட்டினர். மரபு மட்டுமே நோயை முடிவு செய்வதில்லை என்பது அதனால் விளங்கிற்று.

லுட்விக் கிராஸ் நியூயார்க்கில் பல ஆண்டுகள் தோல்வியே கண்டார். நோயுற்ற சுண்டெலியின் திசுச் சாற்றை வளர்ந்த சுண்டெலிகளுக்குச் செலுத்தினால் ஒன்றும் நேரவில்லை. பிறந்து ஒருநாளும் நிரம்பாத குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றுள் பல, மாதங்கள் கழித்து நோயுற்றன. சாற்றில் இருந்தது ஒரு வைரசு. அதற்கு வழிவிட்டது இளமை. 1951இல் அவர் இதை வெளியிட்டபோது நம்பியவர் சிலரே. இவ்வைரசைப் பின்தொடர்ந்த ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் நீக்கப்பட்ட குட்டிகள் நோய் எதிர்ப்பாற்றலை இழப்பதை 1961இல் கண்டறிந்தார். அதுவரை அச்சுரப்பியைப் பயனற்றதெனப் பலர் கருதியிருந்தனர்!

வளரும் வேகமும் ஒரு காரணி. ஒரே ஓர் எல்-1210 உயிரணு போதும், சுண்டெலி மடிய. அது ஏறத்தாழ அரை நாளுக்கொருமுறை இரட்டிக்கும். முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடியைத் தாண்டும். அந்த எண்ணிக்கை உயிரைப் பறிக்கும். நூறு கோடியில் ஆயிரத்துக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்து ஒரு மருந்து எல்லாவற்றையும் அழிப்பதாகக் கொள்வோம். எஞ்சுவன பத்து இலட்சம். பத்தே இரட்டிப்புகளில், அதாவது ஐந்தே நாளில், பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். ஹோவர்ட் ஸ்கிப்பர் இக்கணக்கைச் சுண்டெலிகளில் செய்து காட்டினார். குழந்தையின் குருதியில் நோயணு ஒன்றும் தென்படாத நிலையிலும் மருத்துவர்கள் மருந்தை நிறுத்தாமல், இரண்டாண்டுக்கு மேலும் தொடர்வதன் காரணம் இக்கணக்கில் உள்ளது.