கொட்டகையில் நிற்கும் ஹெரால்டு

தேனாம்பேட்டையின் பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்பிவரும் இந்நாளில், தகப்பனாரோ பாட்டனாரோ ஆசையோடு வாங்கி ஓட்டி, பின்னர் ஓட்டுவாரின்றிக் கொல்லைப்புறக் கொட்டகையில் தூசு மூடிக் கிடந்த மோட்டார் வண்டிகள் பல வெளிச்சத்துக்கு வருகின்றன. அவற்றுள் நம் ஊருக்கே சொந்தமானது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961-இல் செய்யத் தொடங்கிய அந்த வண்டி, பானெட்டும் இருபக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து எஞ்சின் முழுவதையும் கண்ணெதிரே காட்டிவிடும் அமைப்பினால், வீட்டிலேயே பழுது பார்க்க விரும்புவோருக்கு இன்றும் மிக அனுகூலமானது. அதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாமல் மீண்டும் ஓடவைக்க வேண்டும் என்று சங்கற்பம் செய்துகொள்ளும் ஒவ்வொருவரையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஸ்பானரைக் கையிலெடுக்குமுன் பீரோவைத் திறந்து ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வண்டி நம் வீட்டில் நிற்பதனாலேயே அது நம்முடையதாகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். காலமான தகப்பனார் பெயரிலேயே பதிவு இருக்குமானால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31-ஐ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டிய இக்காரியத்தைப் பல குடும்பங்கள் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டுவிடுகின்றன. லட்சக்கணக்கில் செலவிட்டு வர்ணம் பூசிய பிறகு வெளியூரிலிருக்கும் தமக்கையார் தம் பங்கைக் கேட்டால், அவர் கேட்பதில் அநியாயம் ஒன்றுமில்லை. முன்னதாகவே அவரைக் கேளாததுதான் பிழை. பிறரிடம் விலைக்கு வாங்குவோரும் 29, 30 ஆகிய படிவங்களில் விற்பவரின் கையெழுத்தைப் பெற்று, 30 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ளவர் மீதே விழும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதால், விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு பிறப்பித்த விதிகள் பழைய வண்டிகளுக்கென்றே தனியானதொரு பதிவு முறையை ஏற்படுத்தின. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சாஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாறுதல் ஏதும் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்கும் சொந்த உபயோக வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். படிவம் 20-ஐ இன்ஷூரன்ஸ், பழைய ஆர்.சி. ஆகியவற்றோடு கொடுக்க வேண்டும். புதிதாகப் பதியும் வண்டிக்குக் கட்டணம் 20,000 ரூபாய், சான்று செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டு, மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த எண்ணோடு வளர்ந்தவர்களுக்குச் சிறிய ஆனந்தமல்ல. ஆனால் இவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் எடுத்துச் செல்லலாமேயன்றி, அண்ணா சாலையில் தினந்தோறும் ஆபீசுக்கு ஓட்டிச் செல்ல இயலாது.

இவ்விடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். “இந்த எஞ்சின் இனி தேறாது சார், ஒரு மாருதி எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாம்” என்று மெக்கானிக் சொல்லும் யோசனை செலவையும் அலைச்சலையும் குறைப்பதாகத் தோன்றினும், அதனை ஏற்ற கணமே விண்டேஜ் என்னும் தகுதி போய்விடும். அன்றியும், பதிவிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, 182-ஏ பிரிவோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று தண்டனை கூறுகிறது. எஞ்சினுக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது துரு. வண்டியின் தரையிலுள்ள கார்ப்பெட்டை உரித்து, கீழிருக்கும் தகட்டை ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். கடற்காற்று படும் நம் ஊரில் பல வண்டிகளில் அது அப்படியே அப்பளம்போல் உடைந்து உள்ளே இறங்கிவிடும். துருவேறிய இடத்தை வெட்டியெடுத்து அதே கனமுள்ள தகட்டை வைத்துப் பற்றவைப்பது பழுது நீக்கமேயன்றி உருமாற்றம் ஆகாது என்பது என் எண்ணம்; எனினும் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, எஞ்சின் எண், சாஸி எண் இரண்டையும் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொள்வது தற்காப்பு. புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகம் வாங்கும்போது ரசீது கேளுங்கள். திருட்டுப் பொருளென்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்கியவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

உடலுக்கு வரும் அபாயங்களும் அற்பமானவையல்ல. பழைய பிரேக் ஷூக்களிலும் கிளட்ச் தகடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசு தட்டும் வழக்கத்தை அறவே விட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸின் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டு கழித்தும் நோயை உண்டாக்கவல்லது. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடுமாதலால் உப்புத்தாளை நனைத்தே தேய்க்க வேண்டும், குழந்தைகளை அருகில் விடலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் நுழையவேண்டாம். கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுத்துக் கசியவைக்குமாதலால், முதன்முதலில் ஸ்டார்ட் செய்யுமுன் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள்.

இடமில்லையென்று வண்டியைத் தெருவில் நிறுத்துவோரும் உண்டு. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தச் சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம், இழுத்துச் செல்லும் செலவும் உரிமையாளருடையதே.

பாடி வேலைக்கென்று பட்டறையில் விட்ட வண்டி மாதக்கணக்கில் திரும்பாமல், வெளியே மழையில் நிற்கும் துன்பத்துக்கும் பரிகாரம் இருக்கிறது. ஒப்படைத்த பொருளைத் தம் பொருளைப்போல் பாதுகாக்கும் கடமை பட்டறைக்காரருக்கு உண்டென்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே கூறுகிறது. செய்த வேலைக்குரிய கூலி தரும்வரை வண்டியை நிறுத்திவைக்கவும் அவருக்கு உரிமையுண்டு. வேறு பழைய பாக்கிக்காகவோ, செய்யாத வேலைக்காகவோ நிறுத்திவைக்க உரிமையில்லை. தொகையில் தகராறு இருப்பின் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்துப் பணத்தைக் கட்டி, முதலில் வண்டியை மீட்டுவிடுவதே விவேகம். பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலோ, இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்கு அங்கே கட்டணமில்லை. இவையெல்லாம் பலிக்க வேண்டுமானால், வண்டியை விடும் நாளிலேயே செய்யவேண்டிய வேலை, கூலி, கெடு ஆகிய மூன்றையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் நம்மிடம் இருக்க வேண்டும்.