தஞ்சம் புகுந்தவரே தொண்டர்!

வெள்ளத்துக்கு அஞ்சி வீட்டை விட்டுப் புறப்படுகிறவன் எதையும் எடுத்துக் கொண்டு வருவதில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக் கொண்டு, ரேஷன் கார்டை மடியில் செருகிக் கொண்டு, மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு ஓடி வருகிறான். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் வந்து உட்காரும்போது அவனிடம் மிஞ்சியிருப்பது இரண்டு கைகள்தாம். அந்தக் கைகளை ஏந்த வைப்பதா, வேலை செய்ய வைப்பதா? நிவாரண முகாம் ஒன்று நல்ல முகாமாக இருப்பதும், நரகமாக மாறுவதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஜனங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஏறிய புயல் உடனே நகர்ந்து போகவில்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள் மேற்கே ஊத்தங்கரையிலும் ஏறக்குறைய அதே அளவு.

ஊத்தங்கரையில் பெய்த மழைக்கும் திருக்கோவிலூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் தென்பெண்ணை ஆறுதான். கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, திருக்கோவிலூர் வழியாகக் கடலூருக்குப் போகிறது அது. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில், ஊர் உறங்கிக் கொண்டிருந்த வேளையில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறந்து விடப்பட்டது. ஆறு கரை புரண்டது. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே வெள்ளத்தில் மறைந்து போக்குவரத்து நின்றது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் நிவாரணத்தை மாநில அரசாங்கம் அறிவித்தது.

உளுந்தூர்பேட்டை வட்டாரத்துக் களமருதூர் போன்ற ஊர்களில் ஆற்று வெள்ளத்தோடு ஏரியையும் நினைத்து அஞ்ச வேண்டியிருக்கிறது. மேற்கே கல்வராயன் மலையிலிருந்து கோமுகியும் மணிமுத்தாவும் இறங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கரையோரத்து ஜனங்கள் பாதித் தூக்கம்தான் தூங்குகிறார்கள். கரை உடைந்தால் போய்ச் சேரும் இடம் மேட்டிலுள்ள பள்ளிக்கூடமோ, கல்யாண மண்டபமோதான்.

முகாமில் என்ன வேலை?

முகாம் என்றால் சோற்றுப் பொட்டலம் வழங்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். 200 பேர் ஓர் இரவு தங்கினால் எத்தனை வேலை இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் மலைப்பு வரும்.

வந்தவர் யார், வராதவர் யார் என்று பெயர் எழுத வேண்டும். இது சின்ன வேலை அல்ல. பதிவேட்டில் பெயர் இல்லாத கிழவியைத்தான் படகில் போய்த் தேட வேண்டும். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் யார் யார் என்று தனியே குறித்துக் கொள்ள வேண்டும். குடிதண்ணீரைக் காய்ச்ச வேண்டும். தொட்டியில் குளோரின் கலக்க வேண்டும். கழிப்பறையைக் கழுவ வேண்டும். இரவில் பெண்கள் வெளியே போகும்போது துணைக்கு ஆள் வேண்டும். வெள்ளத்தோடு பாம்பும் மேடு தேடி வருமாதலால், கையில் விளக்கோடு காவல் இருக்க வேண்டும். அழுகிற குழந்தைகளுக்குக் கதை சொல்லவும் ஒருவர் வேண்டும்.

இந்திய அரசாங்கத்தின் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், முகாமில் தங்குகிறவர்களுக்குக் குறைந்தபட்ச வசதி இன்னின்னது என்று வரையறுக்கச் சொல்கிறது. அதன்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வகுத்த விதிகளில், ஒரு நபருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி உணவு என்று கணக்கு இருக்கிறது. கணக்கு காகிதத்தில் இருக்கிறது. அதை நிறைவேற்ற ஆள் எங்கே? கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், ஊராட்சிச் செயலாளர் ஒருவர், சத்துணவுக் கூடத்தில் இரண்டு மூன்று பேர். சாலை துண்டிக்கப்பட்ட முதல் இரவில் வெளியூர்த் தொண்டர்கள் வந்து சேர முடியாது. ஆகவே, வந்து தங்கியிருக்கிறவர்களே வேலையைப் பங்கிட்டுக் கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

கோபேயில் நடந்தது

ஜப்பான் நாட்டில் 1995 ஜனவரி 17ஆம் தேதி கோபே நகரம் பூகம்பத்தால் குலுங்கியது. 6,000 பேருக்கு மேல் மாண்டனர். 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பள்ளிக்கூடங்களிலும் பொது மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தனர். இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களில் பெரும்பாலோரை மீட்டவர்கள் அண்டை வீட்டுக்காரர்களே. வீட்டை இழந்த ஆசிரியர்களே பள்ளியில் தங்கியவர்களைக் கவனித்துக் கொண்டார்கள். பின்னர் நாடெங்கிலுமிருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் வந்தார்கள். அந்த ஆண்டை ‘தொண்டின் முதலாண்டு’ என்றே ஜப்பானியர் சொல்கிறார்கள்.

வங்க தேசத்துக் கதை இன்னும் பாடமானது. 1970 நவம்பரில் வந்த புயல் 3 லட்சத்துக்கும் அதிகமான உயிர்களை வாரிக் கொண்டு போயிற்று. அதன் பிறகு 1972இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் இன்று 70,000க்கு மேற்பட்ட கிராமத்துத் தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். எச்சரிக்கை சொல்கிறவரும் புகலிடத்துக்கு அழைத்துப் போகிறவரும் அதே கடற்கரையில் வாழ்கிறவர்கள்தாம்.

நமது ஒடிசாவும் பின்தங்கவில்லை. 1999ஆம் ஆண்டுப் பெரும் புயலில் அங்கே சுமார் 10,000 பேர் இறந்தனர். 2013இல் ‘பைலின்’ புயல் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதை எட்டவில்லை. புயல் புகலிடங்களை அந்தந்த ஊர்க் குழுக்களே பராமரிப்பதும், ஊர் இளைஞர்களுக்கு முதலுதவியும் மீட்புப் பணியும் கற்றுக் கொடுத்திருப்பதும் இதற்கு ஒரு காரணம்.

வேலையே மருந்து

உழைக்கிறவனைப் பத்து நாள் சும்மா உட்கார வைத்து, வேளைக்கு வேளை வரிசையில் நிற்க வைத்தால், வெள்ளம் கொண்டு போனதை விட அதிகமாக அவன் இழந்து விடுகிறான். முழுகிய நெல்லை எண்ணி எண்ணி மனம் புண்ணாகும். ஓர் அண்டாவைத் தூக்கவும், நாலு குழந்தைகளுக்குச் சோறு போடவும் அழைத்தால், ‘என்னாலும் ஆவது ஒன்று உண்டு’ என்ற தைரியம் பிறக்கும். பேரிடரில் சிக்கியவர்களை அவரவர் சக்திக்கேற்பப் பணியில் ஈடுபடுத்துவது நல்லது என்று உலகெங்கும் மனநல வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஆனால் இதில் கட்டாயம் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கரண்டியைக் கொடுப்பது தொண்டு ஆகாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே தொண்டு.

மறைக்கக் கூடாத குறை

முகாம் என்பது ஊரின் கண்ணாடி. ஊரில் உள்ள கோணல் அங்கேயும் வந்து உட்கார்ந்து கொள்ளும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்து முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் எழுதி வெளியிட்டன. தண்ணீர்த் தொட்டியிலும் சமையல் கூடத்திலும்கூட பேதம் பார்க்கப்பட்டது என்பது தலைகுனிய வேண்டிய செய்தி.

தஞ்சம் புகுந்தவர்களே வேலையைப் பங்கிடும்போது இந்த அபாயம் இன்னும் அதிகம். கழிப்பறை கழுவுவது ஒரு தெருவுக்கு, பதிவேடு எழுதுவது இன்னொரு தெருவுக்கு என்று பிரித்து விட்டால், அது தொண்டு அல்ல, பழைய அடிமைத்தனமே. அதே போல், சமையல் முழுவதையும் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆண்கள் ஆற்று மட்டம் பேசிக் கொண்டிருப்பதும் நியாயமல்ல. முறை வைத்து எல்லாரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். முறைப் பட்டியலைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

மழைக்கு முன்னே

இதற்கெல்லாம் தண்ணீர் வந்த பிறகு யோசிக்க முடியாது. ஆடியில் விதைப்பவன் போல, முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். மேட்டுப் பள்ளியின் சாவி யாரிடம்? அண்டா எத்தனை? படுக்கையில் கிடப்பவர்கள் எந்தெந்த வீட்டில்? நீந்தத் தெரிந்த இளைஞர்கள் யார்? செவிலியராகப் பயிற்சி பெற்ற பெண் எந்தத் தெருவில்? இந்த ஐந்து கேள்விகளுக்கும் கிராம சபையில் பதில் எழுதி வைக்கலாம். உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

மழையை நிறுத்த மனிதனால் ஆகாது. நனைந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக் கொள்வது ஆகும். வெள்ளம் வடிந்து வீடு திரும்பும் நாளில், ‘பிச்சை வாங்கித் தின்றோம்’ என்ற கூச்சத்தோடு திரும்புவது ஒன்று. ‘ஊரைக் காப்பாற்றினோம்’ என்ற நிமிர்வோடு திரும்புவது இன்னொன்று. இரண்டாவதற்கான ஏற்பாட்டை, அடுத்த கார்த்திகைக்கு முன் ஒவ்வோர் ஊரும் செய்து கொள்ள வேண்டும்.