பெயர் ஒருவரிடம், உலை இன்னொருவரிடம்

ஒரு வீட்டில் நாள்தோறும் கையில் எடுக்கப்படும் கருவிகளுள் முதலிடம் கத்திக்குத்தான். வெங்காயம் அரிவதிலிருந்து மீன் வெட்டுவது வரை அது இல்லாமல் ஒரு வேளைச் சமையலும் நடப்பதில்லை. ஆயினும் ஒரு சேலை வாங்கும்போது நாம் கேட்கும் கேள்விகளில் பாதியைக்கூட கத்தி வாங்கும்போது கேட்பதில்லை. "இது நல்ல கம்பனிச் சாமான்" என்று கடைக்காரர் சொன்னால் அத்துடன் திருப்தியடைந்து விடுகின்றோம். அந்தக் கம்பனி இன்று யாரிடம் இருக்கின்றது, அலகில் பொறித்த பெயருக்கும் அதைச் செய்த கைகளுக்கும் இன்னமும் தொடர்பு உண்டா என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் பலர் இக்கேள்வியை எதிர்கொள்ள நேர்ந்தது. மலிவானதும் உறுதியானதுமான கத்திகளை நூறாண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்த ஒரு நிறுவனம் 2023ஆம் ஆண்டில் கைமாறியமையே அதற்குக் காரணமாகும்.

சாதாரண வீட்டுக் கத்தி

ஒன்ராறியோ கத்திக் கம்பனி 1889இல் தொடங்கப்பட்டது. பெயரைக் கேட்டதும் எம்மவர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் நினைவுக்கு வரலாம். ஆனால் இது அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்தது. கம்பனி தொடங்கப்பட்ட நேபிள்ஸ் என்ற ஊர் ஒன்ராறியோ என்னும் மாவட்டத்தில் இருந்தமையால் அப்பெயர் வந்தது. பின்னர் அதே மாநிலத்தில் உள்ள பிராங்கிளின்வில் என்ற சிற்றூர் அதன் இருப்பிடமாயிற்று.

இராணுவத்துக்கான வெட்டுக்கத்திகளையும் இக்கம்பனி செய்தது. எனினும் அமெரிக்கக் குடும்பப் பெண்கள் அதை அறிந்தது 'ஓல்ட் ஹிக்கரி' என்னும் சமையலறைக் கத்திகளால்தான். கோடரிப் பிடிக்கும் சுத்தியல் பிடிக்கும் பயன்படும் ஹிக்கரி மரத்தில் பிடி, பித்தளை ஆணிகள், பிடியிலே சூட்டுக்கோலால் இட்டது போன்ற பெயர். பளபளப்பு எதுவும் கிடையாது. அலகு நூற்றுக்கு ஏறத்தாழ 0.95 பங்கு கரி கலந்த உருக்கினால் ஆனது. உருக்குத் தகட்டை அச்சில் வெட்டி, சூடேற்றிப் பதப்படுத்தி, தீட்டி, இருபுறமும் மரத்தை வைத்து அறைந்துவிடுவார்கள். வேலைப்பாடு எளிமையானதால் விலையும் குறைவு. பண்ணை வீடுகளிலும் இறைச்சிக் கடைகளிலும் இது நீண்ட காலம் உழைத்தது.

இத்தகைய கத்திகளை மடக்காத கத்திகள் எனலாம். மடக்குக் கத்தியில் உள்ளது போன்று இவற்றில் கீலோ வில்லோ இல்லை. அலகின் உருக்கே பிடிக்குள்ளும் செல்கின்றது. உடைந்துபோக அசையும் பாகம் கிடையாது. கழுவித் துடைப்பதும் இலகு. குறைந்த பணத்தில் நீடித்து உழைக்கும் கருவி வேண்டுவோர் இவற்றையே நாடுவதற்கு இதுவே காரணம்.

மூன்று கம்பனிகள், மூன்று முடிவுகள்

1967இல் ஒன்ராறியோ கம்பனியை சேர்வோட்ரோனிக்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. விமானங்களுக்கான நுண்கருவிகளைச் செய்வதே அதன் பிரதான தொழில். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கத்தித் தொழிலையும் நடத்தி வந்த அந்நிறுவனம், 2023இல் தன் பிரதான தொழிலில் மட்டும் கவனம் செலுத்த முடிவு செய்தது. கத்திக் கம்பனி, வேர்ஜினியா மாநிலத்தின் மேரியன் நகரில் உள்ள புளூ ரிட்ஜ் நைவ்ஸ் என்ற மொத்த வியாபார நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பெயர் போனது, சரக்குப் போனது. பிராங்கிளின்வில் தொழிற்சாலையின் கதவு மூடப்பட்டது. சிறிய ஊர் ஒன்றில் தொழிற்சாலை மூடப்படுவது எத்தனை அடுப்புகளைப் பாதிக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

இது முதல் தடவையன்று. அதே நியூயோர்க் மாநிலத்தில் 1904இல் தொடங்கிய ஷ்ரேட் கத்திக் கம்பனி, சரியாக நூறு ஆண்டுகள் கழித்து 2004இல் எலன்வில் நகரில் இருந்த தன் தொழிற்சாலையை மூடியது. பெயரை டெனசி மாநிலத்து நிறுவனம் ஒன்று வாங்கியது. அதன் பின்னர் அப்பெயருடன் வந்த கத்திகள் சீனாவில் செய்யப்பட்டன. 2016இல் அந்நிறுவனத்தைத் துப்பாக்கி உற்பத்தி செய்யும் ஸ்மித் அன்ட் வெசன் வாங்கியது. 2020இல் அங்கிருந்து பிரிந்த இன்னொரு நிறுவனத்திடம் பெயர் சென்றது. பெயர் ஊர் ஊராகப் பயணம் செய்தது. அதைப் புகழ்பெறச் செய்த தொழிலாளரோ எலன்வில்லிலேயே நின்றுவிட்டனர்.

உரிமை மாறினால் எப்போதும் இப்படித்தான் நடக்கும் என்றில்லை. சுவீடனின் மோறா என்ற இடத்தில் 1891இலும் 1912இலும் தொடங்கிய இரண்டு கத்திக் கம்பனிகள் அருகருகே போட்டியிட்டு வந்தன. 2005இல் ஒன்று மற்றையதை வாங்கி இரண்டும் ஒன்றாயின. அங்கும் உரிமை மாறியது. ஆனால் உலை அதே ஊரில் எரிந்தது. பழகிய கைகளும் அங்கேயே இருந்தன. உலகிலேயே மலிவாகக் கிடைக்கும் நல்ல மடக்காத கத்திகளுள் ஒன்று என்ற பெயரை மோறாக் கத்தி காப்பாற்றிக்கொண்டது.

ஆகவே ஒரு கம்பனி கைமாறிய செய்தி வரும்போது நாம் கேட்க வேண்டியது "யார் வாங்கினார்கள்?" என்பதை விட "உலை எங்கே இருக்கின்றது?" என்பதையே.

கண்ணுக்குத் தெரியாத வேலை

உலைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? இவ்வகை உருக்கை ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும், ஆனால் கண்ணாடி போல உடையும். மீண்டும் சுமார் 200 பாகை வெப்பத்தில் வைத்தெடுத்தால் கடினம் சற்றுக் குறைந்து உறுதி வரும். இந்தப் பதம் பிசகினால் ஒன்றில் கூர் வளையும், அல்லது விளிம்பு உதிரும். பதம் சரியான கத்தியும் பிசகிய கத்தியும் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே மாதிரியே இருக்கும். வித்தியாசம் ஒரு மாதப் பாவனையில்தான் தெரியும். பெயரை விலைக்கு வாங்கலாம், அச்சை வாங்கலாம். உலை முன்னால் நின்று பழகிய ஒருவரின் கணிப்பைப் பத்திரம் எழுதி வாங்க முடியாது.

சீனாவிலோ தாய்வானிலோ செய்யப்பட்டது என்பதனால் ஒரு கத்தி தரம் குறைந்ததாகிவிடாது. அங்கும் சிறந்த தொழிலாளர் உள்ளனர். வேறோர் இடத்தில் செய்த கத்திக்குப் பழைய பெயரைக் காட்டிப் பழைய நம்பிக்கையின் விலையை வாங்குவதே தவறு.

வாங்கும்போது கவனியுங்கள்

கைமாறிய கம்பனியின் கத்தி மட்டுமல்ல, எந்தக் கத்தியை வாங்கும்போதும் பின்வருவன உதவும்.

1. செய்யப்பட்ட நாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. கைமாறிய கம்பனியின் பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே கடையில் கலந்திருக்கலாம். அலகில் உள்ள சிறிய எழுத்துகளே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

2. அலகின் உருக்கு பிடியின் கடைசி வரை செல்கின்றதா எனப் பாருங்கள். பாதியில் நின்றால் கடினமான வேலைக்கு உதவாது.

3. பிடியின் மரத்துக்கும் உருக்குக்கும் இடையே இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் மீன் நீரும் இறைச்சி நீரும் அதனுள் தங்கி நாற்றமும் கிருமியும் சேரும்.

4. கத்தியைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, முதுகுப்புறம் நேராக உள்ளதா எனப் பாருங்கள்.

5. முழுத் தொகுதியாக வாங்காது முதலில் ஒன்றை மட்டும் வாங்குங்கள். ஒரு மாதம் பாவித்த பின் மற்றவற்றைத் தீர்மானிக்கலாம். உணவுப் பொதி, இடியப்பம் எனச் சிறுதொழில் செய்யும் சகோதரிகளுக்கு இது மிக முக்கியம்.

6. பாவித்த பழைய கத்தியை ஒதுக்காதீர்கள். அலகு நேராகவும் பிடி உறுதியாகவும் இருந்தால் மேலே படிந்த கறளை வினாகிரியில் ஊறவைத்து உரஞ்சி நீக்கலாம்.

பராமரிப்பு

கரி உருக்குக் கத்தி எளிதில் கூராகும், எளிதில் கறளும் பிடிக்கும். தேசிக்காய், புளி, தக்காளி வெட்டியதும் உடனே கழுவித் துடைக்க வேண்டும். நீரில் ஊறவிடக் கூடாது. உலர்ந்த பின் ஒரு துளி தேங்காய் எண்ணெய் பூசினால் போதும். நாளடைவில் அலகு சாம்பல் நீல நிறமாக மாறும். அது அழுக்கல்ல, உருக்கின் மேல் படியும் மெல்லிய காப்பு. அதைத் தேய்த்து நீக்காதீர்கள். வாழைக்காய், வாழைப்பூ போன்றவை இக்கத்தியில் பட்டால் கறுக்கும். அவற்றுக்குத் துருப்பிடிக்காத உருக்குக் கத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

எமது கிராமங்களின் கொல்லர் பட்டறைக் கத்தியில் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. ஆனால் அதை அடித்தவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். கூர் நிற்காவிட்டால் அவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் கேட்கலாம். பெயர் பொறித்த கத்திகளில் அந்த உறவு இல்லை. அந்த இடத்தை நாம் கேட்கும் கேள்விகள்தான் நிரப்ப வேண்டும். குடும்பத்தின் பணத்தைச் செலவிடும் கை பெரும்பாலும் பெண்ணின் கையே. அந்தக் கை பெயருக்கு மயங்காமல் பொருளைத் திருப்பிப் பார்க்கப் பழகினால், வீட்டுக்கு நல்ல கத்தி கிடைக்கும். அதைச் செய்த தொழிலாளியின் உழைப்புக்கும் உரிய மதிப்புக் கிடைக்கும்.