உஷார்! கூட்டமாகப் போனாலும் ஓட்ட எண் அட்டையான பிப் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும்

வெளிநாட்டு மாரத்தானுக்குக் குழுவாகப் போகப் பணம் அனுப்பத் தயாராக இருக்கும் காரைக்குடிக்காரர்கள் கொஞ்சம் நில்லுங்கள். ஓட்டத்தை நடத்துகிறவர்களிடமிருந்து, உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயருக்கு, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்குப் பதிவு உறுதியாகிவிட்டது என்று தகவல் வந்ததா? வரவில்லையா? அப்படியானால் டிக்கெட், ஓட்டல், டூர் என்று எதற்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் சரி.

சிக்ரி ஆராய்ச்சி நிலைய வளாகம், கல்லூரிச் சாலை, அழகப்பா பல்கலைக்கழகப் பக்கம் எங்கே பார்த்தாலும் விடியும் முன்னே ஆட்கள் ஓடுகிறார்கள். பணி ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, நகைக்கடைக்காரர், கல்லூரிப் பேராசிரியர், ஐம்பது வயதுக்கு மேல் நடக்கத் தொடங்கி இப்போது பத்து கிலோமீட்டர் ஓடும் ஆச்சி என்று எல்லாரும் இருக்கிறார்கள். திருச்சி விமான நிலையம் இரண்டு மணி நேரத்துக்குள். அங்கிருந்து நேராகக் கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு, துபாய். சென்னை மாரத்தானை முடித்தவருக்கு அடுத்த ஆசை கடல் தாண்டி ஓடுவதாக இருப்பதில் என்ன தப்பு? போக வேண்டும். நம் ஊர்க்காரர்கள் பதக்கத்தோடு திரும்பிவருவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தப் பயணங்கள் ஏற்பாடாகும் விதம் பயமாக இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது: இத்தனை பேருக்குத்தான் இடம், நாளை இரவுக்குள் முன்பணம். "அண்ணே போட்டுட்டாரு, நானும் போட்டுட்டேன்" என்று வரிசையாகக் கட்டைவிரல்கள். ஜிபேயில் பணம் ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போகிறது. ரசீது இல்லை, ஓட்டம் நின்றால் பணம் என்னாகும் என்று எழுதிய ஒரு வரிகூட இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று யாரும் கேட்பதும் இல்லை. காலையில் கூட ஓடுகிறவர்மேல் உள்ள நம்பிக்கை வேறு, லட்ச ரூபாய்க் கொடுக்கல் வாங்கல் வேறு. இதைச் செட்டிநாட்டில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வேதனை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன நகரத்தார், பங்காளி வீட்டுப் பையனே ஆனாலும், சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்காமல் கப்பலேற்றவில்லை. எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம், என்ன பொறுப்பு என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. உறவு கெட்டுவிடக் கூடாதென்றுதான் எழுதிக்கொண்டார்கள்.

முறைப்படி டூர் நடத்துகிறவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டுச் சுற்றுலாவைப் பேக்கேஜாக விற்கிறவர் டிசிஎஸ் என்ற வரியைப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் தெரியும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். பில் வேண்டாம், வரி வேண்டாம், சல்லிசாக முடித்துத் தருகிறேன் என்கிறவரை நம்பிப் போனால், நாளை தகராறு வரும்போது உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

"லண்டனுக்கு ஸ்லாட் உறுதி" என்று யாராவது சொன்னால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். 2026 லண்டன் மாரத்தானின் குலுக்கலுக்கு வந்த விண்ணப்பங்கள் 11 லட்சத்து 33 ஆயிரத்துக்கும் மேல். ஓடக் கிடைப்பதோ அதில் மிகச் சிறு பகுதியினருக்கு. குலுக்கலில் விழாதவர்களுக்கு உள்ள நேர்வழிகள் சில மட்டுமே: அறக்கட்டளைக்கு நிதி திரட்டி வாங்கும் இடம், அமைப்பாளர்களே அங்கீகரித்த பயண நிறுவனம். அந்த நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலைப் பெரிய ஓட்டங்கள் தாங்களே தங்கள் தளத்தில் வெளியிடுகின்றன. உங்களிடம் பேசுகிறவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இனி, குழுப் பயணங்களில் சர்வ சாதாரணமாக நடக்கும் ஒரு காரியம். பதிவு செய்தவர் கடைசி நேரத்தில் வர முடியவில்லை; கால் வலியோ, வீட்டில் ஒரு விசேஷமோ. "பிப் வீணாப் போகுதே, நீங்க ஓடுங்க" என்று அவருடைய எண் அட்டை இன்னொருவர் மார்பில் ஏறுகிறது. கொடுக்கிறவருக்கும் நல்ல மனசு, வாங்குகிறவருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த அட்டையோடு சேர்ந்து போவது என்ன? பதிவு செய்தவரின் வயது, பாலினம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், அவர் எழுதிக்கொடுத்த நோய் விவரம். ஓடுகிறவர் முப்பதாவது கிலோமீட்டரில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அந்த அட்டையைத்தான் பார்க்கும். பென்சிலின் ஒவ்வாதவர் நீங்கள். அட்டையின்படி இருப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. தேவகோட்டையில் இருக்கும் உங்கள் மனைவிக்குப் போக வேண்டிய போன் புதுவயலில் வேறு ஒரு வீட்டுக்குப் போகும்.

இது வெறும் கற்பனை இல்லை. சீனாவின் சியாமென் நகரில் 2016 டிசம்பரில் நடந்த அரை மாரத்தானில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் ஓடியது வேறொருவர் பெயரில் இருந்த பிப்பில். அவர் குடும்பம் இழப்பீடு கேட்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் ஷென்சென் அரை மாரத்தானில் 258 பேர் பிடிபட்டார்கள். 237 பேர் குறுக்கு வழியில் புகுந்தவர்கள், 18 பேர் போலி பிப் போட்டவர்கள், மூன்று பேர் அடுத்தவர் பிப்பில் ஓடியவர்கள். பிப்பை மாற்றிக்கொள்ளச் சில ஓட்டங்கள் முறைப்படி அனுமதிக்கின்றன. அதற்கென்று தேதியும் கட்டணமும் உண்டு. அந்த வழியில் மாற்றுங்கள். இல்லையென்றால் பிப் வீணாகப் போகட்டும். அடுத்தவர் பெயரில் ஓடும்போது உங்கள் பயணக் காப்பீடும் கேள்விக்குள்ளாகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஓட்டமே நடக்காமலும் போகலாம். கோலாலம்பூர் மாரத்தான் 2013இல் புகைமூட்டத்தால் ஜூனிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. 2015 அக்டோபரில் அதே புகைமூட்டம் வர, ஓட்டத்துக்கு முதல் நாள் ரத்து என்று அறிவித்தார்கள். நியூயார்க்கில் 2012இல் சாண்டி புயலுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை வெள்ளிக்கிழமை நிறுத்தினார்கள். அதற்குள் உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிவிட்டிருந்தார்கள். 2020 டோக்கியோ மாரத்தானில் கொரோனா காரணமாகச் சுமார் 38,000 பொது ஓட்டக்காரர்களை விலக்கிவிட்டு முன்னணி வீரர்களை மட்டும் ஓடவிட்டார்கள். கட்டிய கட்டணம் திரும்ப வரவில்லை. ஓட்டம் ரத்தானால் ஓட்டல் பணம் என்னாகும், விமானப் பணம் என்னாகும், எவ்வளவு யார் கையில் நிற்கும் என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். ரத்தான பிறகு குழுவில் எழும் சண்டையை எந்தக் காலை ஓட்டமும் ஆற்றாது.

விசா விஷயத்தில் ஒரே ஒரு பொய்கூட வேண்டாம். வங்கிக் கணக்கில் சில நாட்களுக்கு மட்டும் பணத்தைப் போட்டுக் காட்டுகிறேன், வேலைச் சான்று ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். பிரிட்டன் விசாவில் ஏமாற்று கண்டுபிடிக்கப்பட்டால் பத்தாண்டு வரை தடை வரும். அமெரிக்காவில் வேண்டுமென்றே பொய்த் தகவல் தந்தால் ஆயுள் முழுக்கக் கதவு அடைபடலாம். மகள் பிரசவத்துக்குக்கூட நியூஜெர்சி போக முடியாத நிலை வந்தால் அந்தப் பதக்கத்தை என்ன செய்வது? விளையாட்டுக் குழு என்ற பெயரில் போய் நாடு திரும்பாமல் மறைந்தவர்களால் தூதரகங்களின் சந்தேகம் ஏற்கெனவே கூடியிருக்கிறது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இலங்கை அணியிலிருந்து பத்துப் பேர் காணாமல்போனார்கள். உங்கள் குழுவில் முகம் தெரியாத, ஒரு நாளும் ஓடிப் பார்த்திராத யாராவது கடைசி நேரத்தில் சேர்ந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் கேட்கும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி.

பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சாப்பாடு ஓட்டத்துக்கு முன் வயிற்றைக் கெடுத்துவிடும் என்று நம் வீடுகளில் பொடி அரைத்துக் கட்டிக்கொடுப்பார்கள். செட்டிநாட்டு மசாலாவில் கசகசா இல்லாமல் இருக்குமா? துபாய் உள்ளிட்ட ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் வழக்காகிவிடும். சிங்கப்பூரிலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. சிட்னி போகிறவர்கள் தேன்குழலோ சீப்புச் சீடையோ எது கொண்டுபோனாலும் வருகை அட்டையில் ஆம் என்று குறித்துக் காட்டிவிடுங்கள். மறைத்தால் அபராதம் போடுவார்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரை, தூக்க மாத்திரை எதையும் டாக்டர் சீட்டு இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். அமீரகம், சிங்கப்பூர், ஜப்பான் மூன்றிலும் சில மருந்துகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

திரும்பி வரும்போது பெரிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. "திருச்சியில நம்ம பையன் வந்து வாங்கிக்குவான், இந்தப் பையை மட்டும் கொண்டு போயிருங்க" என்று ஒருவர் வருவார். டிக்கெட் பணத்தில் பாதி தருகிறேன் என்பார். அதற்குப் பெயர் குருவி வேலை. திருச்சியில் சுங்கத் துறை தங்கம் பிடித்த செய்தி வராத மாதம் உண்டா? ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு, கழுத்தில் பதக்கம் தொங்க, சிரித்தபடி வரும் ஓட்டக்காரர் கூட்டம் தங்கக் கடத்தல்காரர்களுக்கு எவ்வளவு நல்ல மறைவு என்று யோசியுங்கள். வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான். ஐந்து நாள் ஓட்டப் பயணம் போனவருக்குக் கிடையாது. போகும்போதும் அப்படியே, பையில் போதைப்பொருள் இருந்தால், எனக்குத் தெரியாது என்று நிரூபிக்கும் பாரம் சிங்கப்பூரில் பைக்காரர் தலையில்தான். அங்கே அந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை தூக்கு. குழுத் தலைவரே கொடுத்தாலும் பூட்டிய பையை வாங்காதீர்கள்.

உடம்பு விஷயம். சிவகங்கை மாவட்ட வெயிலில் பழகிய உடம்புக்குக் குளிர் புதிது. 2018 பாஸ்டன் மாரத்தான் கொட்டும் மழையிலும் எதிர்க்காற்றிலும் ஐந்து டிகிரிக்கும் குறைவான குளிரிலும் நடந்தது. உலகத் தரமான வீரர்களே பாதியில் விலகினார்கள். சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் காற்றும் வர, ஓடிய 172 பேரில் 21 பேர் உடல் விறைத்து இறந்தார்கள். குழு போகிறது என்பதற்காக மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் இதய நோய் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பயணக் காப்பீட்டை வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: மாரத்தான் ஓட்டத்தில் ஏற்படும் பாதிப்புக்குப் பணம் உண்டா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு உண்டா. தொழில்முறை, சாகச விளையாட்டு என்று விலக்கு வைத்திருக்கும் பாலிசிகள் உண்டு. பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சேதி. மலிவு டிக்கெட் அடிஸ் அபாபா, நைரோபி வழியாக இருக்கும். அங்கே இறங்கித் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் சிக்கலாகும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அந்தச் சான்று செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசிக்காகக் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

பிள்ளைகளைக் குறிவைத்தும் இதே வலை விரிக்கப்படுகிறது. பள்ளிக்கூடப் பையனை "சர்வதேச ஓட்டப் போட்டி" என்று அண்டை நாட்டுக்குக் கூட்டிப்போய், போன எல்லாருக்கும் தங்கப் பதக்கம் மாட்டி, பஸ் நிலையத்தில் மாலை போடும் படத்தை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். கடன் வாங்கி அனுப்பும் பெற்றோர் முதலில் இந்தியத் தடகள சம்மேளனத்திலோ மாநிலச் சங்கத்திலோ விசாரியுங்கள். அங்கீகாரம் இல்லாத அமைப்பின் சான்றிதழ் விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுபடாது. பையனின் உழைப்பும் அப்பா நகைக்கடனில் வாங்கிய பணமும் போனதுதான் மிச்சம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? இன்றே அந்த ஓட்ட அமைப்பாளருக்கு நேராக மின்னஞ்சல் எழுதி, என் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். விமான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வாங்கி விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஓட்டலுக்குப் போன் செய்யுங்கள். எங்காவது பெயர் இல்லை என்றால் குழுவில் எல்லாருக்கும் தெரியச் சொல்லுங்கள். அடுத்தவரும் அதே நிலையில் இருப்பார். ஏமாற்று என்று உறுதியானால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. பிறகு சிவகங்கை எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறவும் வேண்டாம். அதில் இருப்பதுதான் உங்கள் சாட்சி.